வண்டி எத்தனைன்னு தெரியும்... ஓட்டம் எவ்வளவுன்னு தெரியுமா? புதுக்கோட்டை ரோடுகளில் யாரும் எண்ணாத கிலோ மீட்டர்கள்

புதுக்கோட்டை:-

புதுக்கோட்டை கீழராஜவீதியில் காலை 9 மணிக்கு ரோட்டை கடந்து போக நினைப்பவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. பைக், மொபட், ஆட்டோ, கார் என்று வரிசை கட்டி வருகின்றன. "வண்டி பெருகிப்போச்சு, வீட்டுக்கு ரெண்டு வண்டி" என்பதுதான் டீக்கடை தோறும் பேச்சு.

வண்டி பெருகியது உண்மைதான். ஆனால் அந்த வண்டிகள் எவ்வளவு தூரம் ஓடுகின்றன? 10 வருடத்துக்கு முன்பு ஒருவர் மாதத்துக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓட்டினார், இப்போது எத்தனை ஓட்டுகிறார்? கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

இந்த கேள்விக்கு நேரடியாக பதில் சொல்லும் கணக்கு மாவட்ட வாரியாக வெளியிடப்படுவது இல்லை.

அதனால் என்ன குடி முழுகிப்போச்சு என்று கேட்கலாம். எந்த ஊருக்கு பஸ் விடுவது, எந்த ரோட்டை அகலப்படுத்துவது, வண்டி இன்சூரன்ஸ் எவ்வளவு கட்டுவது, விபத்து கூடியதா குறைந்ததா என்று முடிவு செய்வது, எல்லாமே இந்த ஓட்டக்கணக்கில்தான் வந்து நிற்கிறது. அந்த கணக்கு இல்லாததால் அடிபடுவது, பைக்கில் வேலைக்கு போகும் கூலிக்காரர்கள்தான்.

சைக்கிள் ஓட்டி பேர் வாங்கிய மாவட்டம்

சக்கரத்தால் நாடு முழுவதும் பேர் வாங்கிய மாவட்டம் புதுக்கோட்டை. 1991-ம் ஆண்டு அறிவொளி இயக்கம் இங்கு தொடங்கியபோது, எழுத்து கற்ற கிராமத்து பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

வயல் வேலைக்கு போனவர்கள், கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், அங்கன்வாடி பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதினார். அந்த கட்டுரை இந்தியில் 8-ம் வகுப்பு பாடப்புத்தகத்திலும் இடம் பிடித்தது.

அன்றைக்கு அந்த பெண்களுக்கு கிடைத்தது சைக்கிள் மட்டும் அல்ல, தூரம். பஸ்சுக்கு காத்து கிடக்காமல் தண்ணீர் எடுக்க, சந்தைக்கு போக, பிள்ளையை பள்ளியில் விட முடிந்தது. எத்தனை சைக்கிள் என்பதை விட, அது எவ்வளவு தூரம் கொண்டு போனது என்பதுதான் அவர்கள் வாழ்க்கையை மாற்றியது.

அதற்கு பிறகு காலம் மாறி, சைக்கிள் இடத்துக்கு மொபட் வந்தது, பைக் வந்தது, ஸ்கூட்டி வந்தது. 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் வேலைக்கு போகும் பெண்களுக்கு ரூ.25 ஆயிரம் வரை மானியத்தில் ஸ்கூட்டர் கொடுக்கும் அம்மா இரு சக்கர வாகன திட்டமும் தொடங்கியது.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழக பட்ஜெட்டில் பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது, தமிழ்நாட்டில் 2 கோடியே 63 லட்சம் இரு சக்கர வாகனங்கள் இருப்பதாக சட்டசபையில் சொல்லப்பட்டது. வண்டிக்கு இப்படி கணக்கு கிடைத்தது. ஓட்டத்துக்கு கணக்கு கிடைக்கவில்லை.

ஆர்.டி.ஓ. கணக்கு சொல்வது என்ன?

வண்டி எவ்வளவு பெருகியது என்று கேட்டால் எல்லோரும் முதலில் எடுப்பது ஆர்.டி.ஓ. அலுவலக பதிவு கணக்கு. டி.என்.55 நம்பரில் இந்த வருடம் எத்தனை வண்டி பதிவானது என்று பார்த்துவிட்டு "இத்தனை சதவீதம் கூடிவிட்டது" என்று சொல்லி விடுவார்கள்.

இதில் 2 கோளாறு இருக்கிறது.

ஒன்று, பதிவான வண்டி எல்லாம் ரோட்டில் ஓடுவது இல்லை. பழைய இரும்புக்கடைக்கு போன வண்டியும், கொல்லையில் துருப்பிடித்து கிடக்கும் வண்டியும், பதிவை ரத்து செய்யாத வரை புத்தகத்தில் உயிரோடு இருக்கும்.

இரண்டு, டி.என்.55 வண்டி புதுக்கோட்டையில்தான் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. வேலை தேடி திருப்பூர், சென்னை போனவர்கள் வண்டியையும் கொண்டுபோய் விட்டார்கள். சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்கு போனவர்களின் பைக் வீட்டு திண்ணையில் சாக்கு போர்த்தி நிற்கிறது. விடுமுறையில் வந்தால் ஒரு மாதம் ஓடும். அதோடு சரி.

தினமும் 60 கிலோ மீட்டர் ஓடும் பால்காரர் வண்டியும் கணக்கில் ஒன்று. சாக்கு போர்த்திய வண்டியும் கணக்கில் ஒன்று. இதை வைத்து ஓட்டத்தை எப்படி சொல்வது?

பெட்ரோல் பங்க் கணக்கு

அடுத்தது பெட்ரோல் கணக்கு. இது கொஞ்சம் நெருங்கி வரும். வண்டி ஓடினால்தானே பெட்ரோல் தீரும்!

இந்தியா முழுவதும் 2004-05-ம் ஆண்டில் விற்ற பெட்ரோல் சுமார் 82 லட்சம் டன். 2014-15-ல் அது 1 கோடியே 90 லட்சம் டன்னை தாண்டியது. 2024-25-ல் சுமார் 4 கோடி டன். அதாவது 10 வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்த பெட்ரோலை குடிப்பது யார்? கார் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் மத்திய அரசின் பெட்ரோலிய திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வு பிரிவுக்காக எடுக்கப்பட்டு 2014-ல் வெளியான ஆய்வில், 61 சதவீத பெட்ரோல் இரு சக்கர வாகனங்களுக்கு போவது தெரிய வந்தது. கார்களுக்கு போனது 34 சதவீதம்தான். பங்க்கில் 100 ரூபாய்க்கு போடுங்க என்று நிற்பவர்கள்தான் பெரிய வாடிக்கையாளர்கள்.

ஆனால் பெட்ரோல் 5 மடங்கு ஆனதால் ஆளுக்கு ஓட்டம் 5 மடங்கு ஆனதாக சொல்ல முடியாது. வண்டி எண்ணிக்கை கூடியது. ஜனத்தொகை கூடியது. பைக்கில் இருந்து காருக்கு மாறியவர்கள் அதே தூரத்துக்கு அதிக பெட்ரோல் போடுகிறார்கள். புது பைக்குகளில் மைலேஜும் மாறியிருக்கிறது.

2025-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் வந்துவிட்டது. எத்தனாலில் பெட்ரோலை விட சக்தி குறைவு. அதே லிட்டருக்கு கிடைக்கும் கிலோ மீட்டர் சற்று குறையும். ஓட்டம் கூடாமலே விற்பனை கூடியது போல தெரியும்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் இதற்கு நேர் எதிர். அது 100 கிலோ மீட்டர் ஓடினாலும் பங்க் கணக்கில் ஒரு சொட்டு கூட ஏறாது.

டீசல் கதை இன்னும் மோசம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளுக்கும் டீசல்தான். டிராக்டருக்கும், கதிர் அறுக்கும் எந்திரத்துக்கும் டீசல்தான். டீசல் விற்றதை வைத்து லாரி எவ்வளவு ஓடியது என்று சொன்னால், கடலில் ஓடியதும் வயலில் ஓடியதும் ரோட்டில் ஓடியதாக ஆகிவிடும்.

சுங்கச்சாவடியில் பைக்குக்கு இடம் இல்லை

திருச்சி-மதுரை ரோட்டில் விராலிமலை அருகே பூதக்குடியிலும், புதுக்கோட்டை-காரைக்குடி ரோட்டில் லெம்பலக்குடியிலும் சுங்கச்சாவடி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயம் ஆனதில் இருந்து எத்தனை கார், எத்தனை லாரி போனது என்பது கம்ப்யூட்டரில் துல்லியமாக பதிவாகிறது.

ஆனால் பைக்குக்கு கட்டணம் கிடையாது. அதனால் பாஸ்டேக்கும் கிடையாது. கட்டணம் இல்லாதது நல்லதுதான், ஆனால் அந்த கணக்கில் பைக் சேருவதே இல்லை.

நெடுஞ்சாலைகளில் ஆட்களை உட்கார வைத்து வண்டி எண்ணும் முறையும் இருக்கிறது. வருடத்துக்கு 2 தடவையாவது, தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும், ஒன்று அறுவடை சீசனில், மற்றொன்று மந்தமான சீசனில் என்பது இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த விதி. எண்ணிய வண்டியை ரோட்டின் நீளத்தால் பெருக்கினால், அந்த ரோட்டில் மொத்தம் எத்தனை கிலோ மீட்டர் ஓட்டம் என்று கிடைத்துவிடும். நல்ல முறை.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். ரோட்டை அகலப்படுத்த கணக்கு போடும்போது எல்லா வண்டியையும் கார் அளவுக்கு மாற்றுவார்கள். கிராமப்புற ரோடுகளுக்கான இந்திய சாலை காங்கிரஸ் அட்டவணைப்படி கார் என்றால் 1. பைக் அரை. பஸ், லாரி 3. மாட்டு வண்டி 8.

இதில் ஒரு பஸ்சும் 6 பைக்கும் சமம். ஆனால் பஸ்சில் 60 பேர் போகிறார்கள். 6 பைக்கில் ஆளுக்கு ரெண்டு பேர் என்று வைத்தாலும் 12 பேர்தான். ரோட்டில் வண்டி எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதுதான் இந்த கணக்கு. எத்தனை ஜனம் போகிறது என்பது இதில் வராது.

இன்னொன்று, இப்படி எண்ணுவது பெரிய ரோடுகளில்தான். கீரமங்கலத்தில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு உள்ளூர் ரோடு வழியாக போகும் மொபட்டையும், வடகாட்டில் பலாப்பழம் ஏற்றி வரும் வண்டியையும் யாரும் எண்ணுவது இல்லை.

விவசாய கூலிகளை கேட்காத கேள்வி

வேலைக்கு எவ்வளவு தூரம் போறீங்க, எதில் போறீங்க என்று ஜனங்களிடமே கேட்ட ஒரு கணக்கும் உண்டு. 2011 மக்கள் தொகை கணக்கெடுப்பில் இந்த கேள்வி இருந்தது.

ஆனால் விவசாயிகள், விவசாய கூலிகள், வீட்டு தொழில் செய்பவர்கள் தவிர்த்த மற்ற தொழிலாளர்களிடம் மட்டும்தான் இது கேட்கப்பட்டது. விவசாயத்தை நம்பி இருக்கும் புதுக்கோட்டை மாதிரி மாவட்டத்தில் இது பாதி படம் கூட இல்லை. இப்போது நாற்று நடவும், களை எடுக்கவும் கூட ஊர் விட்டு ஊர் வண்டியில் போகும் காலம்.

அந்த கணக்கெடுப்பில் வீட்டில் சைக்கிள் இருக்கா, பைக் இருக்கா, கார் இருக்கா என்றும் கேட்டார்கள். இருக்கா என்றுதான் கேட்டார்கள். எவ்வளவு ஓடுகிறது என்று கேட்கவில்லை.

ஒரு மாத கணக்கு ஏமாற்றும்

கிலோ மீட்டரே தெரிந்தாலும், அதை பார்க்கும் விதம் தெரியாவிட்டால் ஏமாந்து போவோம். போன மாதத்தை விட இந்த மாதம் ஓட்டம் கூடியது என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை.

உதாரணத்துக்கு மீன் வியாபாரிகளை எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு கடலுக்கு போகாது. மீன் பெட்டி கட்டிய மொபட்டுகள் ஓட்டமும் குறைந்து விடும். ஜூன் கடைசியில் பார்த்தால் ஓட்டம் தாறுமாறாக ஏறியது போல தெரியும்.

தை பிறந்தால் ஜல்லிக்கட்டு. மாசி, பங்குனியில் திருவப்பூர், நார்த்தாமலை மாரியம்மன் கோவில் திருவிழாக்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இப்படி மாதத்துக்கு மாதம் ஓட்டம் ஏறி இறங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதும், 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோதும் எல்லா கணக்கும் தலைகீழாக போனது. 2020 ஏப்ரலில் நாட்டின் பெட்ரோல் விற்பனை முந்தைய வருட ஏப்ரலை விட சுமார் 60 சதவீதம் சரிந்தது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கடைசி 12 மாத ஓட்டத்தை மொத்தமாக கூட்ட வேண்டும். அடுத்த மாதம் வந்ததும் பழைய மாதம் ஒன்றை விட்டுவிட்டு புதியதை சேர்க்க வேண்டும். எப்போது கூட்டினாலும் அதில் ஒரு தடைக்காலம், ஒரு மழைக்காலம், ஒரு திருவிழா காலம் இருக்கும். சீசன் ஏமாற்று வேலை நடக்காது. அந்த மொத்தம் ஏறினால்தான் ஓட்டம் ஏறியது என்று அர்த்தம்.

அதையும் ஆள் கணக்கில் வகுத்து பார்க்க வேண்டும். ஜனம் கூடினால் மொத்த ஓட்டம் தானாக கூடும். ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அமெரிக்காவில் இதை பல வருடமாக செய்கிறார்கள். ரோடுகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் கருவி வைத்து எண்ணி, மாதம்தோறும் மொத்த ஓட்டத்தை வெளியிடுகிறார்கள். 2007-ல் வருடத்துக்கு சுமார் 3 லட்சம் கோடி மைல் என்ற அளவை எட்டிய ஓட்டம், அதன்பிறகு பல வருடம் ஏறவே இல்லை. ஜனத்தொகை ஏறியதால் ஆளுக்கு ஓட்டம் குறைந்தது. 2014-க்கு பிறகுதான் மறுபடி ஏறியது. வண்டி எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

விபத்து கணக்கில் ஓட்டை

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் கூட. 2022-ம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்தில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தார்கள். இவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள்.

இரண்டு ஊர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆயிரம் பைக். இரண்டிலும் வருடத்துக்கு 5 பேர் விபத்தில் சாகிறார்கள். வண்டி கணக்கில் பார்த்தால் இரண்டு ஊரும் ஒன்றுதான்.

ஆனால் முதல் ஊரில் ஒரு பைக் தினமும் 10 கிலோ மீட்டர் ஓடுகிறது. இரண்டாவது ஊரில் 40 கிலோ மீட்டர் ஓடுகிறது. அப்படி என்றால் முதல் ஊர் ரோடு 4 மடங்கு ஆபத்தானது. எங்கே வளைவை சரி செய்ய வேண்டும், எங்கே விளக்கு போட வேண்டும் என்பது இப்போது மாறிவிடும். ஓட்டக்கணக்கு இல்லாமல் இதை கண்டுபிடிக்க முடியாது.

பஸ் விஷயமும் அப்படித்தான். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு கட்டணம் இல்லாத பயணம் தொடங்கியது. எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பதற்கு டிக்கெட் கணக்கு இருக்கிறது. ஆனால் பஸ் இல்லாத நேரத்தில், பஸ் போகாத ஊரில் இருந்து எத்தனை பேர் வண்டியில் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதற்கு கணக்கு இல்லை. பஸ் தேவைப்படுவது அங்கேதானே!

பதில் வண்டியிலேயே இருக்கிறது

இவ்வளவு சுற்ற வேண்டியதே இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் கிலோ மீட்டர் மீட்டர் இருக்கிறது. போன வருடம் 22 ஆயிரம், இந்த வருடம் 34 ஆயிரம் என்றால் ஓட்டம் 12 ஆயிரம். அவ்வளவுதான் கணக்கு.

பிரிட்டனில் கார், பைக் 3 வருடத்தை தாண்டினால் ஆண்டுதோறும் தகுதி சோதனைக்கு போக வேண்டும். அப்போது மீட்டர் அளவையும் எழுதி வைக்கிறார்கள். எந்த வண்டி வருடத்துக்கு எவ்வளவு ஓடியது என்று நாடு முழுவதற்கும் கணக்கு கிடைத்து விடுகிறது.

இங்கே ஆட்டோ, வேன், லாரிகள் எப்.சி.க்கு போகின்றன. ஆனால் சொந்த உபயோக பைக்கை எடுத்துக்கொண்டால், புதிதாக பதிவு செய்த பிறகு 15 வருடம் கழித்து பதிவை புதுப்பிக்கத்தான் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும். நடுவில் பேர் மாற்றினால் உண்டு. அதற்குள் பல வண்டிகளில் கேபிள் அறுந்து மீட்டர் நின்றுபோய் இருக்கும். செகண்ட்ஹேண்ட் சந்தையில் மீட்டரை குறைத்து வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் மீட்டரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. ஆனால் வருடா வருடம் குறித்து வந்தால், திடீரென்று குறைந்த மீட்டர் காட்டிக்கொடுத்து விடும்.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் இந்த பக்கம் ஏற்கனவே திரும்பி விட்டன. ஓட்டுகிற தூரத்துக்கு ஏற்ப பிரிமியம் கட்டும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்தது. சொந்த வண்டி சேதத்துக்கான பாலிசியில்தான் இது. கட்டாயமான தேர்டு பார்ட்டி பிரிமியத்தில் பைக்குக்கு சி.சி.தான் கணக்கு. கோவிலுக்கு மட்டும் எடுக்கும் பைக்கும், தினமும் திருச்சி போய் வரும் பைக்கும் ஒரே சி.சி. என்றால் ஒரே பணம்.

6 நாள் கூலி பெட்ரோலுக்கு

அரசு எண்ணும் வரை காத்திருக்க தேவை இல்லை. வீட்டிலேயே எண்ணலாம்.

ஒருவர் தினமும் போக வர 40 கிலோ மீட்டர் ஓட்டுகிறார், மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 1,040 கிலோ மீட்டர். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் மைலேஜ் என்றால் கிட்டத்தட்ட 21 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று ரவுண்டாக போட்டாலும் மாதம் ரூ.2,100.

2025-26-ம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு 100 நாள் வேலைக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி ரூ.336. அதாவது மாதத்தில் 6 நாள் கூலி வேலைக்கு போய் வருவதற்கே பெட்ரோலாக எரிந்து போகிறது. இதில் டயர், ஆயில், செயின் செலவு சேரவில்லை.

ஒவ்வொரு மாதமும் 1-ந்தேதி மீட்டரை பார்த்து காலண்டரில் எழுதி வைத்தால் போதும். 12 மாதம் கழித்து கூட்டிப்பார்த்தால், வண்டி எவ்வளவு ஓடியது, எதற்காக ஓடியது, பக்கத்தில் வேலை கிடைத்தாலோ நேரத்துக்கு பஸ் வந்தாலோ எவ்வளவு மிஞ்சும் என்பது பளிச்சென்று தெரியும். பஸ் கேட்டு மனு கொடுக்கும் ஊர்க்காரர்கள், "எங்க ஊர்ல 40 பைக், மாசம் 40 ஆயிரம் கிலோ மீட்டர் டவுனுக்கு ஓடுது" என்று எழுதி கொடுத்தால், வெறுமனே "பஸ் வேண்டும்" என்பதை விட அந்த மனுவுக்கு கனம் அதிகம்.

30 வருடத்துக்கு முன்பு சைக்கிள் ஏறி தூரத்தை எட்டிப்பிடித்த மாவட்டம் இது. இன்றைக்கு அந்த தூரத்துக்கு கூலியில் கால்வாசிக்கு பக்கம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஜனங்கள் எவ்வளவு ஓடுகிறார்கள் என்று அதிகாரிகள் இனியாவது எண்ணுவார்களா?